உறக்கம் வேண்டாத மனிதர்



ஆடி மாதத்து இரவொன்று. மணி இரண்டு. வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகள் யாவும் அடைபட்டுக் கிடக்கின்றன. கடற்கரையோரத்து இருப்புப்பாதையில் வண்டியோட்டம் நின்று நெடுநேரமாயிற்று. அலையோசை மட்டும் ஓயவில்லை. அவ்வேளையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தளத்திலே விளக்கெரிகின்றது. 34 வயதுடைய ஒருவர் மேசை நிறையக் காகிதங்களைப் பரப்பி ஏதோ எழுதிக்கொண்டிருக்கின்றார். புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றின் கணக்காளர் அவர். நேற்றிரவு அவர் உறங்கியது இரண்டு மணி நேரம். அதற்கு முந்திய இரவும் அவ்வளவே. ஆயினும் விடியற்காலையில் நீராடி வரும்போது அவர் முகத்தில் சோர்வின் சாயல்கூட இல்லை.

இவரும் இவர் குடும்பத்தினரும் விளக்கத்தின் பொருட்டுப் புனையப்பெற்றவர்கள். இவர்களுக்கு நேர்வனவோ புனைவல்ல. கொழும்பில் எத்தனையோ இல்லங்களில் நேர்ந்தவை, நேர்கின்றவை.

இதே மனிதர் தை மாதம் தொடங்கிச் சித்திரை வரையில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக் கிடந்தவர். சவரம் செய்வதற்கும் மனமில்லை. பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் முகம் மலரவில்லை. முதலாளி நல்லவராதலால் வேலை போகவில்லை. தாயார் வெள்ளிதோறும் கோயிலில் விளக்கேற்றினார். வைகாசியில் மெல்ல மெல்லத் தெளிவு வந்தது. ஆடி பிறந்ததும் நிலைமை முற்றாக மாறிற்று. நான்கு மணிக்கே எழுகின்றார். கோயிலுக்குப் போய் வரும் வழியில் எல்லாருக்கும் இடியப்பப் பொதி வாங்கி வருகின்றார். பாடுகின்றார், சிரிக்கின்றார், மனைவியிடம் கலியாணமான புதிதில் பேசியதுபோல் பேசுகின்றார். "முருகன் கண் திறந்துவிட்டான்" என்று தாயார் கண்ணீர் மல்கக் கூறுகின்றார்.

துயரம் வந்தபோது வைத்தியரை நினைப்பவர்கள் உண்டு. மகிழ்ச்சி வந்துவிட்டதென்று வைத்தியரைத் தேடுவார் எவர்? இந்த நோயைக் கண்டுகொள்வதிலுள்ள பெருங்கடினம் இதுவே. நோயாளிக்கு வலி இல்லை. வீட்டாருக்கு ஐயமில்லை. நல்ல காலம் பிறந்துவிட்டது என்ற வேடத்தில் அது வாசலுக்குள் வருகின்றது.

மூன்றாம் நாளில் அவர் பேச்சு விரைவுபடுகின்றது. ஒரு விடயத்தைத் தொடங்கி முடிக்குமுன் இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று. இடையே புகுந்து ஒரு சொல் சொல்ல எவராலும் இயலவில்லை. நான்காம் நாள் இரவு இலண்டனிலும் ரொறன்ரோவிலுமுள்ள உறவினர்களை ஒருவர் பின் ஒருவராகத் தொலைபேசியில் அழைக்கின்றார். ஐந்தாம் நாள் காலை ஐந்து மணிக்கு முச்சக்கரவண்டியில் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தமக்கையாரின் கதவைத் தட்டுகின்றார். கையிலே அந்த ஒழுங்கையிலுள்ள வீடுகள் அனைத்துக்கும் பங்கிடத்தக்க அளவு இனிப்பு. ஜம்பட்டா வீதியில் தாம் ஒரு துணிக்கடை திறக்கப்போவதாகவும், ஓராண்டுக்குள் ஐந்து கிளைகள் வைக்கப்போவதாகவும் கூறுகின்றார். "தம்பிக்கு நல்ல யோகம்" என்கின்றார் அத்தான்.

தமக்கையார் மட்டும் வேறொன்றைக் கவனிக்கின்றார். வைத்த தேநீர் மூன்று முறை ஆறிவிட்டது. தம்பி ஒரு மிடறும் குடிக்கவில்லை. அவர் கேட்கின்றார்: "தம்பி, ராத்திரி நித்திரை கொண்டனீயே?"

"எனக்கு இனி நித்திரை தேவையில்லை அக்கா" என்பது விடை.

நேயர்கள் இந்த விடையைச் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டும். கவலையால் உறக்கமின்றித் தவிப்பவர், "நித்திரை வருகுதில்லை" என்று முறையிடுவார். மறுநாள் களைத்து வாடிப்போவார். இவரோ உறக்கம் தேவையில்லை என்கின்றார். களைப்பும் அவரிடம் இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் உறங்கி எழுந்து, நாள் முழுவதும் ஓடியாடி, அடுத்த இரவும் அவ்வாறே கழிப்பது மனித உடலின் இயல்பன்று. வேறெந்த அடையாளத்தையும் மறந்தாலும் வீட்டார் மறவாதிருக்கவேண்டிய அடையாளம் இது. நடத்தையைப் பற்றி விவாதிக்கலாம். உற்சாகத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். உறங்கிய மணித்தியாலங்களையோ கடிகாரத்தைக் கொண்டு எண்ணிவிடலாம்.

மனநல மருத்துவத்தில் இந்நிலைக்கு மேனியா என்று பெயர். தமிழில் மிகை எழுச்சி எனலாம். எழுச்சியும் சோர்வும் ஒரே மனிதரிடத்து மாறி மாறி வருவதை ஒரே நோயின் இரு முகங்களாக வகுத்து, ஏனைய மனநோய்களிலிருந்து பிரித்துக் காட்டியவர் எமில் கிரெப்பெலின் என்னும் ஜேர்மனிய மருத்துவர். 1899இல் வெளிவந்த தம் பாடநூற் பதிப்பிலே அவர் இதனைச் செய்தார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டு வகைப்பாட்டிலிருந்து பைபோலர், அஃதாவது இருமுனைக் கோளாறு என்னும் பெயர் நிலைபெற்றது. 2019இல் உலகில் 4 கோடி மக்கள் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் இது தொடங்குகின்றது; அதற்குப் பின்னும் தொடங்கலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இரத்த உறவினருக்கு வரும் வாய்ப்பு மிகுதி.

ஒருநாள் மகிழ்ச்சியை மருத்துவர்கள் நோயென்று கூறுவதில்லை. அசாதாரணமான உற்சாகமோ எரிச்சலோ, குறையாத ஊக்கத்துடன், நாளின் பெரும்பகுதி நேரமும், குறைந்தது 7 நாள் நீடிக்கவேண்டும். வைத்தியசாலையில் சேர்க்கவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றினால் நாட்கணக்குப் பார்ப்பதில்லை. இதனினும் மெல்லிய எழுச்சியும் உண்டு. அதற்கு நான்கு நாள் கணக்கு. ஆயினும் இக்கணக்கு மருத்துவர் நோய்க்குப் பெயரிடுவதற்கானது. வீட்டார் ஏழாம் நாள் வரை காத்திருக்கவேண்டுமென்பது இதன் பொருளன்று. முன்பு ஒருமுறை இவ்வாறு வந்த ஒருவர் இரண்டு இரவுகள் உறங்காமலும் களைக்காமலும் இருந்தாலே வைத்தியரோடு பேசவேண்டும்.

எரிச்சல் என்ற சொல்லையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கின்றது. மேனியா என்றதும் சிரிப்பையும் பாட்டையும் மட்டும் எண்ணுவோர் பலர். தடுக்கும்வரையில் சிரிப்பு, தடுத்தால் சினம். ஆறாம் நாள், கடைக்கு முற்பணம் கட்டவேண்டுமென்று நம் கணக்காளர் மனைவியின் தாலிக்கொடியைக் கேட்கின்றார். அவர் தயங்குகின்றார். அந்த வீட்டிலே ஒருபோதும் கேட்டிராத குரலும் சொற்களும் அன்று கேட்கின்றன. மாலைக்குள் தாலிக்கொடி செட்டியார் தெரு அடைவுகடைக்குப் போய்விடுகின்றது. எட்டாம் நாள், துயரக் காலத்தில் தம்மைக் காத்த முதலாளியை நடுக்கடையிலே ஏசிவிட்டு வேலையை உதறி வருகின்றார். "உனக்குச் சுகமில்லை" என்ற மைத்துனரிடம், "எனக்கு ஒன்றும் இல்லை, உங்களுக்குத்தான் விசர்" என்கின்றார். அவர் பொய் சொல்லவில்லை. தமக்கு நோயென்று உணரும் ஆற்றலே அந்த நாட்களில் நோயினால் மறைந்துவிடுகின்றது.

பக்தி நிறைந்த சமுதாயத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. நம் கணக்காளர், முருகன் தம்மிடம் பேசியதாகச் சொல்லத் தொடங்குகின்றார். வேல் விழாக் காலம் வேறு. அருள் வந்துவிட்டதென்று அயலார் சிலர் வணங்கவும் தலைப்படுகின்றனர். கோயிலிலே அருள் வந்து ஆடுபவர் பூசை முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு வீடு திரும்புகின்றார், உண்கின்றார், உறங்குகின்றார், மறுநாள் தம் தொழிலுக்குப் போகின்றார். எழுச்சி நோய் பூசையோடு முடிவதில்லை. தமக்கு மட்டும் தனிப்பணி அளிக்கப்பட்டிருக்கின்றது, தமக்கு எதுவும் நேராது என்ற உறுதியுடன் காலி வீதியின் நடுவே நடக்கவும் அது துணிவூட்டும். பக்தியை எவரும் குறைகூற வேண்டியதில்லை. அருச்சனையும் செய்யலாம், கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் ஏற்றலாம். பித்தம் தலைக்கேறிவிட்டதென்று எலுமிச்சம்பழம் தேய்த்து முழுக வார்ப்பதும் சில வீடுகளில் இன்னும் நடக்கின்றது; அதனால் தீங்கொன்றுமில்லை, மருந்து தொடங்கவேண்டிய இரண்டு நாட்கள் வீணாவதைத் தவிர.

கடல் கடந்த உறவினரைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பில் இரவு இரண்டு மணியாகும்போது ரொறன்ரோவில் பிற்பகல். அழைப்பவர் உற்சாகமாகப் பேசுகின்றார். கேட்பவர் மகிழ்ந்து, கேட்ட பணத்தை அனுப்பியும் விடுகின்றார். அந்த நேரத்தில் அவர் ஏன் விழித்திருக்கின்றார் என்று ஒருகணம் நினைத்து, மறுநாள் வீட்டாரை அழைத்து விசாரித்தால், நோயை முதலில் கண்டுகொள்பவர் கடலுக்கு அப்பாலிருக்கும் சித்தப்பாவாகவும் இருக்கலாம்.

இனி, வீட்டிலே செய்யத்தக்கவை. முதலாவது, வாதாடாதிருத்தல். துணிக்கடைத் திட்டம் நடவாது என்று கணக்குப் போட்டு நிறுவ முயல்வது வீண். அவர் மனம் ஓடும் வேகத்துக்கு எவருடைய தர்க்கமும் ஈடுகொடுக்காது. சினம் மட்டும் வளரும். அவருடைய கனவுகளை ஆமென்று ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். "அதை நாளை பார்ப்போம், இப்போது கொஞ்சம் சாப்பிடு" என்று சில சொற்களில், தாழ்ந்த குரலில், அவர் மதிக்கும் ஒருவர் மட்டும் பேசுவது நல்லது. நம் கதையில் அவர் தமக்கையார். தாயும் மனைவியும் மைத்துனரும் மாமாவும் சூழ்ந்துநின்று புத்தி சொல்லும் வழக்கம் நம்மவரிடத்து மிகுதி. அன்பினால் செய்வதாயினும், எரியும் அடுப்பில் விறகு திணிப்பதை அது ஒக்கும்.

வீதிப்பக்கத்து அறையை விட்டு உட்புறத்து அறையிலே அவரைத் தங்கவைக்கலாம். வெளிச்சம், தொலைக்காட்சி, விருந்தினர் வருகை யாவும் குறையவேண்டும். கோப்பி, தேநீர் குறையவேண்டும். மதுவை அறவே நீக்கவேண்டும். இரவில் கைத்தொலைபேசி வேறோர் அறையில் இருப்பது நல்லது. உறங்காவிட்டாலும் விளக்கணைத்துப் படுத்திருத்தல் பயன் தரும். வண்டித் திறவுகோல், வங்கி அட்டை, காசோலைப் புத்தகம், யாழ்ப்பாணத்துக் காணியின் உறுதி ஆகியவற்றைச் சண்டையின்றிப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிடவேண்டும். அந்த ஒரு வாரத்தில் நொத்தாரிசு முன்னிலையில் இட்ட கையொப்பம் ஒரு தலைமுறையின் சொத்தைக் கொண்டுபோகக்கூடும்.

முதன்முறையாக இந்நிலை தோன்றினால், அதுவும் நாற்பது ஐம்பது வயதுக்குப் பின் தோன்றினால், உடற்காரணத்தையும் தேடவேண்டும். தைரொயிட்டுச் சுரப்பி மிகையாகச் சுரத்தல், ஸ்ரெரொயிட்டுக் குளிசைகள் ஆகியன இதைப் போன்ற தோற்றத்தைத் தரும். இளைஞரிடத்தில் ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் அவ்வாறே. சோர்வுக்கெனக் கொடுக்கப்படும் குளிசைகள், இருமுனை நோயுள்ளவருக்குத் தனியே கொடுக்கப்பட்டால், மனநிலையை மறுபுறம் தூக்கியெறிந்துவிடலாம். ஆதலால் சோர்வுக்கு வைத்தியரிடம் போகும்போது, "இதற்கு முன் எப்போதாவது உறக்கம் வேண்டாத உற்சாகம் இருந்ததா?" என்பதற்கு வீட்டார் உண்மையான விடை சொல்லவேண்டும், வைத்தியர் கேளாவிட்டாலும் சொல்லவேண்டும். இந்நோயுள்ள தாய்மாருக்குப் பிரசவத்துக்குப் பின்வரும் வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. துடக்குக் கழியும் 31 நாளும் தாய்க்குப் பத்தியம் பார்க்கும் வீட்டார் அவளுடைய உறக்கத்தையும் அதே கண்டிப்புடன் பார்க்கவேண்டும். இரவில் குழந்தையை வேறொருவர் ஏந்திக்கொள்ளவேண்டும்.

வைத்தியசாலை என்றதும் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் வாயடைத்துப்போவதற்கு ஒரு சொல் காரணம்: அங்கொடை. 1920களில் எழுந்த அந்தப் பெரிய மருத்துவமனையின் பெயர், விளையாட்டில் தோற்றவனைக் கேலிசெய்யும் சிறுவர் வாயிலும் வசைமொழியாகிவிட்டது. அது இன்று தேசிய மனநல நிறுவகம். மிகை எழுச்சி என்பது வாரங்களில் தணியக்கூடிய நோய்நிலை. சேர்க்கப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே கிடப்பார் என்ற பழைய அச்சத்துக்கு இடமில்லை. அங்கேதான் போகவேண்டுமென்பதும் இல்லை. வெள்ளவத்தையார்க்குக் களுபோவிலவிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை அருகில். கொட்டாஞ்சேனையார்க்குத் தேசிய வைத்தியசாலை அருகில். இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். உயிருக்கு ஆபத்து, தம்மையோ பிறரையோ தாக்குதல், உணவும் நீருமின்றி உடல் தளர்தல் என்னும் நிலை வந்தால் 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியை அழைக்கவேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்றே, 1956இல் திருத்தப்பட்டு, இன்றும் அடிப்படையாக நிற்கின்றது. புதிய சட்டம் வேண்டுமென்று மருத்துவர்கள் பல காலமாகக் கேட்டுவருவதில் வியப்பில்லை. நோயாளி தாமாக விரும்பிச் சேர்வதே சிறந்த வழி. தமக்கு நோயென்று உணரும் ஆற்றல் முற்றாக மறையுமுன் அழைத்துச் சென்றால் அது பெரும்பாலும் கைகூடும்.

மொழி பற்றிய ஓர் இடர்ப்பாடும் கூறத்தக்கது. எழுச்சியின் அடையாளங்கள் பேச்சிலே இருக்கின்றன: வேகம், தாவல், எதுகை மோனையோடு சொற்கள் தாமே தொடர்தல். தமிழறியாத வைத்தியருக்கு இவை புலப்படுவது அரிது. கூடச் செல்பவர், எந்த இரவு எத்தனை மணி உறங்கினார், எவ்வளவு செலவழித்தார், முன்பு எப்போது சோர்வு வந்தது என்பவற்றை ஒரு தாளில் திகதியோடு எழுதிக்கொண்டு போகவேண்டும். தமக்கையார் அப்படித்தான் செய்தார். வைத்தியர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மேலும் நான்கு கேள்விகளே கேட்டார்.

மருந்துகளில் முதலிடம் பெறும் லித்தியத்தின் வரலாறு சுவையானது. எச்சரிக்கையும் அதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது. அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், இரண்டாம் உலகப் போரில் யப்பானியரிடம் சிறைப்பட்டு, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் கிடந்தவர். சாங்கி என்ற பெயர், மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பென்சனியர்களின் வீடுகளிலே ஒருகாலத்தில் அடிக்கடி கேட்ட பெயர். போர் முடிந்து மெல்பேர்ண் திரும்பிய கேட், வசதி குறைந்த ஓர் அறையில் சீமைப்பெருச்சாளிகளுக்கு லித்திய உப்பைச் செலுத்தி, அவை அமைதியடைந்ததைக் கண்டார். பின் அதனைத் தாமே உட்கொண்டு பார்த்தார். 1948இல், ஐந்தாண்டாக ஓயாத எழுச்சியில் இருந்த 51 வயது நோயாளி ஒருவருக்குக் கொடுத்தார். சில மாதத்தில் அவர் குணமடைந்து வீடு திரும்பினார். கேட் இதனை 1949இல் வெளியிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. வீடு சென்றவர் சுகமாயிருக்கின்றதென்று மருந்தை விட்டார், நோய் திரும்பிற்று. மறுபடியும் லித்தியம் கொடுக்கப்பட்டது. 1950இல் அதன் நச்சினாலேயே அவர் இறந்தார். மருந்து இரத்தத்தில் எவ்வளவு நிற்கின்றது என்று அளந்து கொடுக்கும் முறை அன்று இருக்கவில்லை. இன்று இருக்கின்றது. ஒரு லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை பொதுவாக ஏற்ற அளவு, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. பயனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இவ்வளவு குறுகியது. இதனாலேயே கிளினிக்கில் இரத்தம் எடுக்கின்றார்கள். கடைசிக் குளிசைக்குப் பின் 12 மணித்தியாலம் கழித்து எடுக்கவேண்டுமாதலால், அன்று காலைக் குளிசையை இரத்தம் கொடுத்த பின்னரே விழுங்கவேண்டும். சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் ஆறுமாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

லித்தியமும் கறியுப்பும் உறவுமுறையுடையவை. உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாது பிடித்து வைத்துக்கொள்ளும். கொழும்பின் வெயிலில் வியர்த்து நீர் அருந்தாமல் அலைவதும், வயிற்றோட்டமும், திடீரென உப்பில்லாப் பத்தியமும் இவ்வாறு ஆபத்தாக மாறலாம். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்போரும், றமழான் நோன்பு நோற்போரும் விரதத்துக்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். விரதத்துக்காகக் குளிசையைத் தாமே நிறுத்துவதும் கூடாது, நீரின்றி அதனைத் தொடர்வதும் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூபன், டைக்குளோபெனாக் போன்றவையும், உயர் இரத்த அழுத்தத்துக்கான சில குளிசைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றோட்டம், கை பெரிதாக நடுங்குதல், நாக்குழறல், தள்ளாட்டம் ஆகியன நஞ்சேறியதன் அறிகுறிகள். தள்ளாடுபவர் குடித்திருக்கின்றார் என்று எண்ணிப் படுக்கவைத்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

எழுச்சி உச்சத்தில் இருக்கும்போது விரைந்து தணிக்க ஒலன்சப்பின், ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. வல்புரோவேற்று என்னும் மருந்தும் பயன்படுகின்றது. கருவுறக்கூடிய வயதிலுள்ள பெண்கள் அதனைத் தவிர்ப்பது வழக்கம், கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளையுமாதலால். எந்த மருந்து எவருக்கு என்பது வைத்தியரின் பொறுப்பு. தொடர்ந்து உட்கொள்ளச் செய்வது குடும்பத்தின் பொறுப்பு, அதுவே கடினமானது.

நம் கணக்காளர் மூன்று வாரத்தில் வீடு திரும்பினார். திரும்பிய மனிதர் மௌனி. செய்தவை யாவும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன: தாலிக்கொடி, முதலாளிக்குச் சொன்ன சொற்கள், அயலாருக்கு முன் ஆடிய ஆட்டம். எழுச்சிக்குப் பின் வரும் இந்தச் சோர்வு, கடனும் வெட்கமும் சேர்ந்து, எழுச்சியிலும் ஆபத்தானது. தற்கொலை எண்ணம் தலைகாட்டுவது பெரும்பாலும் இப்போதுதான். ஆள் அமைதியாகிவிட்டார் என்று வீட்டார் கண்ணயரும் வேளையும் இதுவே. சாக எண்ணமிருக்கின்றதா என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்று அஞ்சவேண்டாம். கேட்டால் மனம் திறப்பவர் பலர்.

தமக்கையார் முதலாளியிடம் போய் நோயின் பெயரை மறைக்காமல் சொன்னார். வேலை திரும்பக் கிடைத்தது. முற்பணத்தில் பாதி போனது போனதுதான். தாலிக்கொடியை மீட்க ஏழு மாதம் பிடித்தது.

அந்த மாதங்களில் ஒருநாள், மனம் தெளிந்திருந்த வேளையில், கணவனும் மனைவியும் தமக்கையாரும் கூடியிருந்து ஒரு தாள் எழுதினார்கள். இரண்டு இரவு தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கினால் தமக்கையாருக்குச் சொல்லவேண்டும். வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்துவிடவேண்டும். பத்தாயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தச் செலவும் மூன்று நாள் பொறுத்தே செய்யவேண்டும். வைத்தியரின் பெயரும் கிளினிக் நாளும் இன்னவை. தாம் மறுத்தாலும் அழைத்துச் செல்லவேண்டும். அவரே தம் கையெழுத்தில் எழுதி ஒப்பமிட்டார். நீதிமன்றத்துக்கு உரிய பத்திரமன்று அது. ஆயினும் எழுச்சியில் நிற்கும் ஒருவருக்குப் பிறர் சொல் ஏறாதபோது, தம் கையெழுத்தே எதிரில் நிற்பது சில வேளை பயன்படும். இந்த வீட்டிலே அது ஒருமுறை பயன்பட்டது. பங்குனியில், ஒரு கலியாண வீட்டில் இரு இரவு கண்விழித்த பின், மூன்றாம் நாள் காலை நான்கு மணிக்குப் பாட்டுக் கேட்டது. மனைவி ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளை மேசையில் வைத்தார். அவர் நெடுநேரம் வெறித்துப் பார்த்தார், கோபித்தார், பின் அட்டையை எடுத்துத் தாளின்மேல் வைத்தார். அன்றே களுபோவிலவுக்குப் போனார்கள். மருந்தின் அளவு மாற்றப்பட்டது. ஐந்து நாள் விடுமுறையோடு அது கழிந்தது.

சிவராத்திரிக்கு அவர் இப்போது கண்விழிப்பதில்லை. மாலைப் பூசையோடு வீடு திரும்பிவிடுகின்றார். தாயாருக்கு இதிலே சிறு மனக்குறை உண்டு. வேல் விழாவின்போது செட்டியார் தெருவிலிருந்து இரதம் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்கு வந்துசேரும் இரவில் காலி வீதி விடியுமட்டும் உறங்குவதில்லை. அவர் அன்று ஒன்பது மணிக்கே குளிசையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகின்றார். மறுநாள் மாலை, நெரிசல் குறைந்தபின், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மனைவியோடு பம்பலப்பிட்டிக் கோயிலுக்கு நடந்துபோய் வேலைத் தரிசித்துவிட்டு, வழியில் பிள்ளைக்கு ஒரு காற்றாடி வாங்கிக்கொடுத்து, எட்டு மணிக்கு வீட்டில் இருக்கின்றார்.